கோர்ட்டு கேட்டால் வங்கி என்ன கொடுக்கும்? கணக்கு விவரங்கள் சாட்சியமாவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜீவனாம்சம், செக் வழக்கு, கைமாற்றுக் கடன், பாகப் பிரிவினை என்று எந்த வழக்கானாலும் ஒரு கட்டத்தில் "பேங்க் ஸ்டேட்மென்ட் வாங்கிட்டு வாங்க" என்ற பேச்சு வந்துவிடும். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் வேலை பார்த்தேன். அதில் கடைசிச் சில ஆண்டுகள் மண்டல அலுவலகத்தின் சட்டப் பிரிவில், நீதிமன்றங்களிலிருந்து வரும் சம்மன்களுக்குப் பதில் அனுப்பும் மேசையில் இருந்தேன். பணம் கைமாறியது உண்மையாக இருந்தும், ஒரு பக்கச் சான்று இல்லாததால் ஆண்டுக்கணக்கில் இழுத்துக்கொண்டே போன வழக்குகளைப் பார்த்திருக்கிறேன். இன்றும் அக்கம்பக்கத்தில் பலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாமே இந்தியச் சட்டத்தின்படி. உங்கள் வழக்குக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் வக்கீலிடம் ஒருமுறை பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.

வங்கிக் கணக்கைக் கோர்ட்டில் காட்டுவதற்கு என்று தனிச் சட்டம் இருக்கிறதா?

இருக்கிறது. வங்கியாளர் ஏடுகள் சாட்சியச் சட்டம், 1891. பெரும்பாலானவர்கள் கேள்விப்பட்டே இருக்க மாட்டார்கள். இங்கிலாந்தில் 1879-ல் இதே பெயரில் வந்த சட்டத்தைப் பார்த்து இங்கே கொண்டுவரப்பட்டது.

இது ஏன் தேவைப்பட்டது என்பது பழைய லெட்ஜரைத் தூக்கியவர்களுக்கு உடனே புரியும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது கிளையில் எல்லாமே கையெழுத்து லெட்ஜர்தான். தடித்த அட்டை, தோல் முதுகு, இரண்டு கையாலும் அணைத்துத்தான் தூக்க வேண்டும். ஒரே லெட்ஜரில் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களின் கணக்கு இருக்கும். ஒருவருடைய வழக்குக்காக அதைக் கோர்ட்டுக்கு எடுத்துப் போய்விட்டால், அன்றைக்கு மற்றவர்கள் யாரும் பணம் எடுக்க முடியாது. அவர்களுடைய கணக்கையும் யாரோ புரட்டிப் பார்க்கும் நிலை வரும். அதனால்தான் சட்டம் ஒரு வழி செய்தது. ஏடு வங்கியிலேயே இருக்கட்டும், தேவையான பதிவின் நகலை உரிய சான்றோடு கொடுத்தால் அசலுக்குச் சமமாக எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அது. சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்வது இதைத்தான்.

'வங்கி ஏடு' என்றால் லெட்ஜர் மட்டும்தானா?

இல்லை. லெட்ஜர், தினசரிப் பதிவேடு, ரொக்கப் புத்தகம், கணக்குப் புத்தகம், வங்கியின் வழக்கமான வேலையில் பயன்படும் மற்ற எல்லாப் பதிவுகளும் அடங்கும். 2000-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தபோதும், அதன்பின் 2002-ல் செலாவணி முறிச் சட்டத்தை (செக் வழக்குகளுக்கான நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட்) திருத்தியபோதும் இந்தச் சட்டத்தையும் திருத்தினார்கள். இப்போது காகிதம், மைக்ரோ பிலிம், காந்த நாடா, கம்ப்யூட்டர் சர்வர் எதில் இருந்தாலும் வங்கி ஏடுதான். வேறு ஊரில் இருக்கும் பேக்கப் மையத்தில் இருந்தாலும் சரி.

அஞ்சலகச் சேமிப்பு வங்கியும் இந்தச் சட்டத்துக்குள் வருகிறது. இது பல வக்கீல்களுக்கே நினைவில் இருப்பதில்லை.

என்னிடம் பாஸ்புக் இருக்கிறது. வங்கி முத்திரை போட்ட ஸ்டேட்மென்ட்டும் இருக்கிறது. இது போதாதா?

எதிர்த்தரப்பு மறுக்காவிட்டால் போதும். மறுத்தால் சிக்கல்.

ஒரு முறை வங்கி சார்பாகக் கீழமை நீதிமன்றம் ஒன்றுக்குப் போயிருந்தேன். எங்கள் வழக்குக்கு முன்னால் ஒரு கைமாற்றுக் கடன் வழக்கு. வயதான அம்மா ஒருவர், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தை உறவினருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வராமல் வழக்குப் போட்டிருந்தார். ஏழெட்டுப் பக்க ஸ்டேட்மென்ட், ஒவ்வொரு பக்கத்திலும் வட்ட முத்திரை, சுருக்கொப்பம். நீதிபதி முதல் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. நேராகக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அடியில் எதுவும் எழுதவில்லை. "சான்று எங்கே?" என்று கேட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து ஆட்சேபம் தெரிவித்தார். அந்த அம்மாவுக்கு அன்றைக்கு வாய்தாதான் கிடைத்தது. முத்திரை போட்ட வங்கிக்காரருக்கு இரண்டு நிமிட வேலை, அதைச் செய்யாமல் விட்டுவிட்டார். என் மனதை விட்டு இன்னும் போகாத காட்சி அது.

சட்டம் கேட்பது முத்திரையை அல்ல, நகலின் அடியில் எழுதிய சான்றை. அதில் இவ்வளவு இருக்க வேண்டும்: "மேலே உள்ளவை இவ்வங்கியின் வழக்கமான ஏடுகளில் ஒன்றில் காணும் பதிவுகளின் உண்மை நகல். அப்பதிவுகள் வங்கியின் வழக்கமான அன்றாட அலுவலின்போது செய்யப்பட்டவை. அந்த ஏடு இன்றும் வங்கியின் பொறுப்பில் இருக்கிறது." அதன் கீழே தேதி, கையெழுத்து, பெயர், பதவி. கையெழுத்துப் போட வேண்டியவர் மேனேஜர் அல்லது முதன்மைக் கணக்கர். இது 2-ஆம் பிரிவின் 8-ஆம் உட்பிரிவு.

உங்கள் சொந்தக் கணக்கு என்றால் இதை வாங்கக் கோர்ட் உத்தரவு வேண்டியதில்லை. கிளையில் கடிதம் கொடுத்து, "நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, வங்கியாளர் ஏடுகள் சாட்சியச் சட்டப்படி சான்றிட்ட நகல் வேண்டும்" என்று எழுதுங்கள். வெறுமனே "ஸ்டேட்மென்ட் வேண்டும்" என்று எழுதினால் வெறும் ஸ்டேட்மென்ட்தான் கிடைக்கும். கூட்டுக் கணக்கில் நீங்கள் ஒருவர் என்றாலும் நீங்களே கேட்டு வாங்கலாம்.

இப்போது எல்லாமே கம்ப்யூட்டர் பிரின்ட் அவுட்தானே. அதற்குத் தனியாக ஏதாவது வேண்டுமா?

வேண்டும். அதற்காகச் சேர்த்ததுதான் 2ஏ பிரிவு. பிரின்ட் அவுட்டோடு மேனேஜர் அல்லது முதன்மைக் கணக்கர் தரும் சான்று ஒன்று. கம்ப்யூட்டர் அமைப்புக்குப் பொறுப்பானவர் தரும் சான்று இன்னொன்று. இரண்டாவது சான்றில் அந்த அமைப்பைப் பற்றிச் சுருக்கமாக எழுத வேண்டும். அனுமதி பெற்றவர்கள் மட்டுமே தரவை உள்ளிட என்ன ஏற்பாடு, யாரும் திருத்தாமல் இருக்க என்ன பாதுகாப்பு, பழுதானால் தரவை எப்படி மீட்பார்கள் என்ற விவரங்கள். கூடவே, அந்தக் காலகட்டத்தில் அமைப்பு சரியாக இயங்கியது என்று தனக்குத் தெரிந்தவரை உறுதி கூற வேண்டும்.

இதுபோக மின்னணு ஆவணங்களுக்கான பொதுச் சான்று ஒன்றும் உண்டு. பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று எல்லோர் வாயிலும் இருந்ததுதான். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அது 63-ஆம் பிரிவு ஆகிவிட்டது. அதற்குச் சட்டத்தின் அட்டவணையிலேயே படிவம் இருக்கிறது. அ பகுதியை ஆவணத்தைத் தருபவரும் ஆ பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் குறியீட்டையும், அதில் குறிக்க வேண்டும். 65பி சான்று கட்டாயம் என்று 2020-ல் அர்ஜுன் பண்டிட்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. கேட்டும் ஒருவர் சான்று தர மறுத்தால், தரும்படி உத்தரவிடக் கோரி நீதிமன்றத்தை அணுகலாம் என்றும் அதே தீர்ப்பு வழிகாட்டியது.

2ஏ சான்று இருந்தால் 63 தேவையா என்று வக்கீல்கள் வாதாடிக்கொண்டிருக்கட்டும். நீங்கள் இரண்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் அந்த வாதத்துக்கே இடம் இருக்காது.

என் கணவரின் கணக்கு விவரம் வேண்டும். மனைவி என்ற முறையில் வங்கியில் கேட்டால் கொடுப்பார்களா?

கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. கணவன், மனைவி, அப்பா, பிள்ளை என்ற உறவு இதில் செல்லாது. கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு மட்டுமே வங்கி பதில் சொல்லும்.

வாடிக்கையாளரின் விவரத்தைக் காப்பது வங்கியின் கடமை. 1924-ல் இங்கிலாந்தில் டூர்னியர் வழக்கில் இதற்கு நான்கு விதிவிலக்குகள் சொன்னார்கள்: சட்டம் கட்டாயப்படுத்தும்போது, பொதுநலக் கடமை வரும்போது, வங்கியின் சொந்த நலனுக்குத் தேவைப்படும்போது, வாடிக்கையாளரே சம்மதிக்கும்போது. நம் நாட்டிலும் அதைத்தான் பின்பற்றுகிறோம். பாரத ஸ்டேட் வங்கிச் சட்டத்தின் 44-ஆம் பிரிவும், நாட்டுடைமை வங்கிகளுக்கான 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆம் பிரிவும் இந்த ரகசியக் காப்பைச் சட்டக் கடமையாகவே வைத்திருக்கின்றன.

இதில் முக்கியமான தீர்ப்பு ஐதராபாத் மாவட்டப் பதிவாளருக்கும் கனரா வங்கிக்கும் நடந்த வழக்கில் வந்தது. முத்திரைச் சட்டத்தில் (ஸ்டாம்ப் ஆக்ட்) ஆந்திர அரசு செய்த ஒரு திருத்தம், கலெக்டர் அனுப்பும் எவரும் வங்கிக்குள் நுழைந்து ஆவணங்களைப் பார்வையிடலாம் என்று வைத்திருந்தது. அது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். வங்கியிடம் கொடுத்துவிட்டதால் ஒருவருடைய ஆவணத்துக்கு அந்தரங்கம் போய்விடாது, அந்தரங்கம் மனிதரைச் சார்ந்தது, இடத்தைச் சார்ந்தது அல்ல என்றது. 2017-ல் புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் சொன்னபின் இந்த நிலை இன்னும் வலுவாகிவிட்டது.

அப்படியென்றால் ஜீவனாம்சம் கேட்கும் பெண்ணுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு நடைமுறை வகுத்தது. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, கடன், வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். வங்கிக் கணக்குகளும் அதில் வர வேண்டும். பொய்யாக எழுதினால் நடவடிக்கை உண்டு. முதலில் அந்தப் பிரமாணப் பத்திரத்தை வாங்குங்கள். அதில் ஒரு கணக்கை மறைத்திருக்கிறார் என்று தெரிந்தால், அந்தக் கணக்கைக் குறிப்பிட்டு நீதிமன்றத்தின் மூலம் வங்கியிடம் கேளுங்கள். குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வழக்குக்கு உதவும் எந்த ஆவணத்தையும் சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி இல்லாமல் ஏற்க நீதிபதிக்கு இடம் தருகிறது.

வங்கியில் தெரிந்தவர் இருக்கிறார். பிரின்ட் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார்.

வேண்டாம். சான்று இல்லாத அந்தக் காகிதத்தை வைத்து நீங்கள் பெரிதாக ஒன்றும் நிரூபிக்க முடியாது. எந்தக் கணக்கை யார், எப்போது, எந்த ஐடியில் திறந்து பார்த்தார்கள் என்பது சர்வரில் பதிவாகும். உதவி செய்தவரின் வேலைதான் போகும்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால்? ஆர்.டி.ஐ.யில் கேட்டால்?

வக்கீல் நோட்டீஸ் நீதிமன்ற உத்தரவு ஆகாது. பிறருடைய கணக்கு விவரத்தை அதற்குப் பதிலாகத் தர வங்கிக்கு அதிகாரம் இல்லை. ஆர்.டி.ஐ.யிலும் மற்றவர் கணக்கு கிடைக்காது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவு தரும் விலக்குகளைக் காட்டி மறுப்பார்கள். இரண்டிலும் மாதக்கணக்கைத் தொலைப்பதைவிட நேரே நீதிமன்றத்தில் மனுப் போடுவதே நல்லது.

சரி, நீதிமன்றத்தில் எப்படிக் கேட்பது? மேனேஜரையே சாட்சிக்கு வரவழைத்துவிட்டால் வேலை முடியுமே?

எல்லோரும் முதலில் இதைத்தான் யோசிக்கிறார்கள். ஆனால் வங்கி அந்த வழக்கில் ஒரு தரப்பாக இல்லையென்றால், ஏட்டைக் கொண்டுவரும்படியோ, அதில் உள்ளதை நிரூபிக்கச் சாட்சிக் கூண்டில் ஏறும்படியோ வங்கி அதிகாரியைக் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது வங்கியாளர் ஏடுகள் சாட்சியச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு. சிறப்புக் காரணம் இருந்து, அதற்காக நீதிமன்றம் தனியாக உத்தரவிட்டால் மட்டுமே அவர் வர வேண்டும். சான்றிட்ட நகலே போதும் என்று 4-ஆம் பிரிவு சொல்லும்போது, ஆளை ஏன் அழைக்க வேண்டும் என்பதுதான் நியாயம்.

அதனால் மனுவில் ஆளைக் கேட்காதீர்கள், நகலைக் கேளுங்கள். அதையும் அளந்து கேளுங்கள். சட்டப் பிரிவு மேசையில் எனக்கு வந்த உத்தரவுகளில் பாதி இப்படி இருக்கும்: "பிரதிவாதியின் அனைத்துக் கணக்கு விவரங்களையும் தாக்கல் செய்யவும்." எந்தப் பிரதிவாதி, எந்தக் கிளை, எந்த ஆண்டு என்று எதுவும் இருக்காது. முழுப்பெயர் ஒன்றாக உள்ள பத்துப் பேர் ஒரே வங்கியில் இருப்பார்கள். விளக்கம் கேட்டு நாங்கள் எழுத, அதற்குப் பதில் வர, இரண்டு வாய்தா போய்விடும்.

கோரிக்கையை இப்படி எழுதலாம்: "எதிர்மனுதாரரின் பெயரில் இன்ன கிளையில் உள்ள இன்ன எண் சேமிப்புக் கணக்கில் 1.4.2021 முதல் 31.3.2023 வரையிலான வரவு பற்றுப் பதிவுகளின் சான்றிட்ட நகலை, வங்கியாளர் ஏடுகள் சாட்சியச் சட்டத்தின் 2(8), 2ஏ பிரிவுகளின்படியும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படியும் உரிய சான்றுகளுடன் அனுப்ப வங்கிக்கு உத்தரவிட வேண்டும்." கணக்கு எண் தெரியாவிட்டால் பான் எண், பழைய செக் நகல், சம்பளச் சீட்டு எதிலாவது கிடைக்கும் அடையாளத்தைச் சேருங்கள். அந்தப் பதிவு வழக்கின் எந்த விஷயத்தை நிரூபிக்கும் என்பதை மனுவில் இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள்.

வங்கியாளர் ஏடுகள் சாட்சியச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு இன்னொரு வழி. வழக்கின் ஒரு தரப்பினர், வங்கி ஏட்டைப் பார்வையிட்டு நகல் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்கலாம். வங்கிக்கு முன்கூட்டித் தெரிவிக்காமலே நீதிமன்றம் அந்த உத்தரவைப் போடலாம். ஆனால் அதை நிறைவேற்றுவதற்கு முன், வங்கி விடுமுறை நாட்கள் நீங்கலாக மூன்று முழு நாட்கள் இருக்கும்படி உத்தரவை வங்கியிடம் சேர்ப்பிக்க வேண்டும், நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னாலொழிய. அந்த இடைவெளியில் வங்கி ஆட்சேபம் தெரிவிக்கலாம், அல்லது விசாரணையின்போது ஏட்டைக் காட்டுகிறேன் என்று சொல்லலாம்.

வழக்கிலேயே இல்லாத ஒருவரின் கணக்கைக் கேட்கலாமா? பணத்தைத் தம்பி பெயருக்கு மாற்றியிருக்கிறார்.

கேட்கலாம், ஆனால் கதவு குறுகலானது. மூன்றாம் ஆளின் கணக்கைத் திறந்து பார்க்க உத்தரவிடுவதற்கு முன் நீதிமன்றம் ரொம்பவே யோசிக்கும், யோசிக்கவும் வேண்டும். பெயர் தம்பியுடையது, பணம் உண்மையில் எதிர்த்தரப்பினுடையது என்று நம்பும்படி ஏதாவது ஆதாரம் காட்ட வேண்டும். இன்ன தேதியில் இன்ன தொகை அண்ணன் கணக்கிலிருந்து தம்பி கணக்குக்குப் போனது என்று காட்ட முடிந்தால், அந்தப் பணம் அப்புறம் எங்கே போனது என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. "ஏதாவது கிடைக்குமா பார்க்கலாம்" என்று வலை வீசுவதற்கு இந்தச் சட்டம் இல்லை.

போலீஸ் கேட்டால் வங்கி உடனே கொடுத்துவிடுமா?

இங்கே இரண்டு சட்டங்கள் சேர்ந்து வருகின்றன. ஆவணங்களைக் கேட்டு வாங்க நீதிமன்றத்துக்கும் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கும் அதிகாரம் தருவது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ஆம் பிரிவு. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 91-ஆம் பிரிவுதான் இப்போது அந்த எண்ணில் இருக்கிறது. உத்தரவு மின்னணு வடிவிலும் வரலாம். ஆனால் இந்தப் பிரிவு வங்கியாளர் ஏடுகள் சாட்சியச் சட்டத்தைப் பாதிக்காது என்று அதே பிரிவின் 3-ஆம் உட்பிரிவு சொல்கிறது. அந்தச் சட்டத்தின் 8-ஆம் பிரிவைப் பாருங்கள்: போலீஸ் விசாரணையில் 'நீதிமன்ற உத்தரவு' என்பதற்குப் பதிலாக, அரசு குறிப்பிடும் அதிகாரியின் உத்தரவைக் கொள்ளலாம், அவர் காவல் கண்காணிப்பாளர், அதாவது எஸ்.பி. தரத்துக்குக் கீழ் இருக்கக் கூடாது. ஊழல் வழக்குகளில் வங்கி ஏடுகளைப் பார்வையிட ஊழல் தடுப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு தனியாக வழி செய்கிறது.

எங்கள் மேசையில் போலீஸ் கடிதம் வந்தால் முதலில் பார்ப்பது குற்ற எண், சட்டப் பிரிவு, அதிகாரியின் பதவி, அலுவலக முத்திரை. இவை இல்லாமல் வந்த தொலைபேசி அழைப்புக்கோ வாட்ஸ்அப் செய்திக்கோ கணக்கு விவரம் தரக் கூடாது. போலீஸ் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறவர்கள் பெருகிவிட்ட காலம் இது.

கணக்கை முடக்குவது வேறு விஷயம். வங்கிக் கணக்கும் பறிமுதல் செய்யத்தக்க சொத்துதான் என்று 1999-ல் தபஸ் நியோகி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்றைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 106-ஆம் பிரிவு. முடக்கியதை மாஜிஸ்திரேட்டுக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். உங்கள் கணக்கு முடங்கியிருந்தால், எந்தக் காவல் நிலையம், எந்தக் குற்ற எண் என்று வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேற்கொண்டு எதைச் செய்வதற்கும் அது தேவை.

சான்றிட்ட நகல் வந்துவிட்டது. இனி வழக்கு ஜெயித்த மாதிரிதானே?

இல்லை. நிதானமாக யோசிக்க வேண்டிய இடம் இதுதான்.

அந்த நகல் நிரூபிப்பது, இப்படி ஒரு பதிவு வங்கி ஏட்டில் இருக்கிறது என்பதை. மார்ச் 12-ஆம் தேதி உங்கள் கணக்கிலிருந்து அவர் கணக்குக்கு 5 லட்சம் போனது என்று அது காட்டும். ஏன் போனது என்று காட்டாது. நீங்கள் கடன் என்பீர்கள். அவர் "என் பழைய பாக்கியைத் திருப்பித் தந்தார்" என்பார், "நிலத்துக்கு முன்பணம்" என்பார், "அன்பளிப்பு" என்பார். அந்த 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் வேறு இடத்திலிருந்துதான் வர வேண்டும்: புரோநோட்டு, கடிதம், வாட்ஸ்அப் பேச்சு, பக்கத்தில் இருந்த சாட்சி, அவர் இடையில் கட்டிய வட்டி. வட்டி மாதாமாதம் உங்கள் கணக்கில் வந்திருந்தால் அந்தப் பதிவுகளையும் சேர்த்து நகல் வாங்குங்கள். ஒரே தொகை, ஒரே தேதி வாக்கில் பத்து மாதம் வந்திருப்பது நிறையப் பேசும்.

கணக்குப் புத்தகப் பதிவு மட்டுமே ஒருவர்மீது பொறுப்பைச் சுமத்தப் போதாது என்பது சாட்சியச் சட்டத்திலேயே இருக்கிறது. பழைய 34, இப்போதைய 28-ஆம் பிரிவு. இது வங்கிக்கும் பொருந்தும். சந்திரதர் கோஸ்வாமி எதிர் கௌஹாத்தி பேங்க் வழக்கில் வங்கி தன் கணக்கின் சான்றிட்ட நகலை மட்டும் காட்டிக் கடனை வசூலிக்கப் பார்த்தது. வாடிக்கையாளர் அந்தப் பதிவையே மறுக்கும்போது, அதைத் தாங்கி நிற்க வவுச்சர் போன்ற வேறு சாட்சியமும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வங்கி உங்கள்மீது கடன் வழக்குப் போட்டு, நீங்கள் வாங்காத தொகை கணக்கில் இருந்தால், இந்தத் தீர்ப்பை உங்கள் வக்கீலுக்கு நினைவூட்டுங்கள்.

செக் வழக்கில் வங்கி மேனேஜரைச் சாட்சியாகப் போட வேண்டுமா?

செக் திரும்பியதை நிரூபிக்க மட்டும் என்றால் தேவையில்லை. வங்கியின் முத்திரையோடு வரும் ரிட்டர்ன் மெமோவே போதும். அதை நம்ப வேண்டும் என்று செலாவணி முறிச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு சொல்கிறது. எதிர்த்தரப்பு பொய் என்று காட்டினால்தான் மாறும்.

"கையெழுத்து என்னுடையது இல்லை" என்று தகராறு வந்தால் வங்கி ஆவணம் தேவைப்படும். கணக்குத் தொடக்கப் படிவமும் மாதிரிக் கையொப்பமும் கணக்கு இருக்கும் வங்கியில் கிடைக்கும். ஒப்பிட்டுப் பார்க்க அசல் வேண்டும், ஆகவே மனுவில் "அசல்" என்று எழுதுங்கள்.

இதில் பலர் தடுமாறும் ஒரு விஷயம் சொல்கிறேன். பணமாகிவிட்ட செக்கின் அசல் காகிதம் யாரிடம் இருக்கும்? செக் கொடுத்தவருடைய வங்கியில் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அது அந்தக் காலம். சென்னையில் 2011 முதல் சி.டி.எஸ். முறை வந்துவிட்டது. செக்கின் படம்தான் கொடுத்தவர் வங்கிக்குப் போகும். காகிதம், பணம் வாங்கியவர் எந்த வங்கியில் போட்டாரோ அங்கேயே தங்கிவிடும். அதைப் பத்தாண்டு காலம் வைத்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு. தவறான வங்கிக்குச் சம்மன் அனுப்பி, "எங்களிடம் அசல் இல்லை" என்ற பதிலை வாங்கி, செக்கே மறைக்கப்பட்டதாகச் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். யாரும் மறைக்கவில்லை, கேட்ட இடம்தான் தவறு.

எவ்வளவு பழைய விவரம் வரை கிடைக்கும்?

1985-ஆம் ஆண்டின் ஆவணப் பாதுகாப்பு விதிகளின்படி சில பதிவேடுகளை 5 ஆண்டும், லெட்ஜர் போன்றவற்றை 8 ஆண்டும் வங்கி வைத்திருக்க வேண்டும். பணமோசடித் தடுப்புச் சட்டப்படி பரிவர்த்தனைப் பதிவுகளை அந்தத் தேதியிலிருந்து 5 ஆண்டும், அடையாள ஆவணங்களைக் கணக்கு மூடியபின் 5 ஆண்டும் வைத்திருக்க வேண்டும். இவை குறைந்தபட்சம். கம்ப்யூட்டரில் அதற்கு முந்தையதும் பெரும்பாலும் இருக்கும், கேட்டுப் பாருங்கள். வவுச்சர் காகிதங்கள்தான் காலம் முடிந்ததும் அழிக்கப்பட்டுவிடும்.

சிசிடிவி பதிவு அப்படியல்ல, சீக்கிரம் போய்விடும். லாக்கர் அறை வாசலில் உள்ள கேமராப் பதிவைக் குறைந்தது 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021-ல் சொன்னது. லாக்கரில் ஏதோ நடந்திருக்கிறது என்று புகார் கொடுத்துவிட்டால், விவகாரம் முடியும்வரை அந்தப் பதிவை அழிக்கக் கூடாது. எனவே சந்தேகம் வந்த அன்றே "இன்ன நாள், இன்ன நேரப் பதிவைப் பாதுகாத்து வைக்கவும்" என்று கடிதம் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். கோர்ட் உத்தரவு வரட்டும் என்று காத்திருந்தால், உத்தரவு வரும்போது பதிவு இருக்காது.

வங்கி மீதே வழக்கு என்றால்?

அதிகாரியைச் சாட்சிக்கு வரக் கட்டாயப்படுத்த முடியாது என்ற 5-ஆம் பிரிவின் பாதுகாப்பு அப்போது இல்லை. வங்கியே ஒரு தரப்பு என்பதால் அதன் அதிகாரி வந்து பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். உங்களுக்குத் தெரியாமல் ஆன்லைனில் பணம் போயிருந்தால் இன்னொரு பலமும் உண்டு. வாடிக்கையாளர்மீதுதான் தவறு என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்று 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ஓ.டி.பி. எந்த எண்ணுக்குப் போனது, எந்த நேரத்தில் எங்கிருந்து உள்நுழைந்தார்கள் என்ற சர்வர் பதிவுகளைக் கேளுங்கள்.

அப்பா இறந்துவிட்டார். நாமினி அண்ணன். கணக்கு விவரம் எனக்குக் கிடைக்குமா?

நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர், அதனால் மட்டும் அது அவருக்குச் சொந்தமாகிவிடாது. வாரிசுச் சான்றிதழையும் இறப்புச் சான்றிதழையும் வைத்துக் கிளையில் எழுதிக் கேளுங்கள். சில கிளைகள் தரும், சில கிளைகள் மற்ற வாரிசுகளின் சம்மதம் கேட்கும். மறுத்தால் பாக வழக்கில் மனுப் போட்டு, இறப்புக்கு முன்னும் பின்னும் எடுக்கப்பட்ட தொகைகளைக் காட்டும் நகலை வரவழைக்கலாம். இறந்த தேதிக்குப் பிறகு ஏ.டி.எம்.மில் பணம் எடுத்திருந்தால் அந்தப் பதிவுகளைத் தனியாகக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

கணக்கு இருந்த வங்கியே இப்போது இல்லை. என்ன செய்வது?

எதனோடு இணைந்ததோ அந்த வங்கிதான் பொறுப்பு. 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்தன. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி அதே ஆண்டு நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தது. மனுவில் பழைய வங்கி, பழைய கிளை, பழைய கணக்கு எண், இப்போதைய வங்கி நான்கையும் எழுதுங்கள். இணைப்பின்போது கணக்கு எண் மாறியிருந்தால் பழைய எண் இல்லாமல் தேடுவது மிகவும் சிரமம்.

செலவு யாருடையது?

வங்கியாளர் ஏடுகள் சாட்சியச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு அதை நீதிமன்றத்தின் முடிவுக்கு விட்டிருக்கிறது. வங்கியின் தவறாலோ தாமதத்தாலோ செலவு கூடியிருந்தால், வங்கியே தர வேண்டும் என்றும் உத்தரவிடலாம்.

நான் வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். சம்மன் வந்திருக்கிறது. என்ன செய்ய வேண்டும்?

முதலில் வாய்தா தேதியைப் பாருங்கள், அன்றே சட்டப் பிரிவுக்கு ஸ்கேன் செய்து அனுப்புங்கள். மேசை இழுப்பறையில் வைக்காதீர்கள். வங்கி வழக்கில் தரப்பா இல்லையா, கேட்டிருப்பது நகலா, அசலா, ஆளா என்று படியுங்கள். உத்தரவில் எந்தக் காலம் கேட்டிருக்கிறதோ அந்தக் காலத்துக்கு மட்டும் எடுங்கள். ஒரு நாள் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். கூட்டினால் வாடிக்கையாளரின் ரகசியத்தை மீறுகிறீர்கள், குறைத்தால் நீதிமன்றத்தை மீறுகிறீர்கள். கணக்கு எண், பெயர், பான் மூன்றும் ஒரே ஆளுடையதா என்று சரிபாருங்கள். மூடிய உறையில், வழக்கு எண்ணை மேலே எழுதி அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, சான்று இருக்கிறதா, அதில் உங்கள் பெயரும் பதவியும் தேதியும் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். நீதிபதி முதலில் திருப்பப் போவது அந்தப் பக்கத்தைத்தான்.